பதினோராம் கட்டிலுக்கு வருகிறார்கள்

10 பிப்ரவரி 2026, செவ்வாய்.

இன்றைய பிழை: வகுப்பு அறிக்கையில் சொல் அட்டவணை பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியை நீக்கிவிட்டேன். ‘போறேன்’ என்ற வரி. அதற்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. வார்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்த அத்தனை நாளிலும் அந்தச் சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. காலிக் கட்டம் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது, எடுத்துவிட்டேன். சின்ன விஷயம்தான். ஆனாலும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நாளை: அம்மாவின் ஸ்கேன் தாள்களை எடுத்துவைக்க வேண்டும். வியாழக்கிழமை அட்மிஷன்.

கலையரசி எந்த நாளின் குறிப்பையும் பிழையில்தான் தொடங்குவாள். பெரிதாக ஒன்றும் நடக்காத நாளில், பகலில் தான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் யாரோ ஒருவருடைய பெயருக்குப் புள்ளி வைக்க மறந்ததை எழுதுவாள். அதுவும் இல்லாத நாளில், இன்று பிழை எதுவும் கண்ணில் படவில்லை, சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று எழுதுவாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இத்தனை சந்தேகம் ஆகாது என்று வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, தான் சிரித்தது சரிதானா என்று பேருந்தில் தன் ஊர் முசரவாக்கம் வரும்வரை யோசித்துக்கொண்டு வருவாள்.

வகுப்பு காந்தி ரோட்டில், ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில். கீழே கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த கூட்டத்தின் செருப்புகளைத் தாண்டித்தான் படியேற வேண்டும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு வரை நடக்கும். குழப்பமான மென்பொருளைச் சாதாரண மனிதர்கள் தடுமாறாமல் பயன்படுத்தும்படி அதன் முகத்தை எப்படி அமைப்பது என்பதுதான் பாடம். நடத்துகிறவர் பிரேம்நாத். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். முதல் நாளே பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பி நின்று சொன்னார்: “மனுஷனுக்கு சாஃப்ட்வேரைக் கத்துக் கொடுக்கறது பழைய காலம்பா. சாஃப்ட்வேருக்கு மனுஷனைக் கத்துக் கொடுக்கறதுதான் நம்ம வேலை.” கலையரசி அதை அப்படியே குறித்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

பிரேம்நாத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பொது வார்டில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். நோயாளி கட்டிலிலிருந்து மணியை அழுத்தினால் நர்ஸ் மேசைக்கு ஓட வேண்டும். திரையில் கட்டில் எண்ணைத் தேட வேண்டும், காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தன் அடையாள எண்ணைத் தட்ட வேண்டும், அப்புறம் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்த வேண்டும். அதுவரை மணி அலறிக்கொண்டே இருக்கும்.

“பேஷண்டுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி இந்தப் பொட்டிக்கு நான் ஜாதகம் ஒப்பிக்கணும்” என்றாள் துளசி. அந்த வார்டின் மூத்த நர்ஸ். “என் புருஷன்கூட என்னை இத்தினி கேள்வி கேட்டதில்லமா.”

வகுப்பே சேர்ந்து அதற்கு ஒரு தீர்வு செய்தது. அதற்குத் ‘துணை’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவே சுவரில் ஒரு சிறிய பெட்டி. நோயாளி மணியை அழுத்தியதும் நர்ஸ் எந்த மூலையில் நின்றாலும் வழக்கம்போலக் குரல் கொடுத்தால் போதும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு, மேசைக்கு ஓடி அழுத்த வேண்டிய அத்தனையையும் தானே அழுத்திவிடும். திரையில் ‘11 அழைக்கிறார்’ என்று சிவப்பாக இருந்தது, ‘11: வருகிறார்கள்’ என்று பச்சையாக மாறும். மணி அடங்கும்.

கலையரசிக்கு அதில் மூன்று வேலைகள் விழுந்தன. முதலாவது, நர்ஸுகள் எந்தச் சொற்களில் பதில் கொடுக்கிறார்கள் என்று காதால் கேட்டுச் சேகரிப்பது. இரண்டு வாரம் காலை வேளைகளில், இ-சேவை மையம் திறக்கும் முன், வார்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ‘வரேன்’, ‘தோ வரேன்’, ‘இரும்மா, வரேன்’, ‘வந்துக்கினே இருக்கேன்’. எல்லாவற்றையும் ‘வருவார்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதினாள். இரண்டாவது, திரையில் வரும் வாக்கியங்கள். ‘வருகிறார்’ என்பதா, ‘வருகிறார்கள்’ என்பதா என்று ஒரு முழு மாலை குழம்பி, மரியாதை இருக்கட்டும் என்று இரண்டாவதை வைத்தாள்.

மூன்றாவது வேலை அவள் கேட்டு வாங்கியதல்ல. நர்ஸ் வருவதற்குள் நோயாளி மறுபடி மணியை அழுத்தினால் பெட்டி அவர்களோடு பேச வேண்டும். யார் குரல் என்று வந்தபோது பிரேம்நாத் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “கலை, உன் குரல்ல ஒரு பொறுமை இருக்குது” என்றார். ஜன்னலில் போர்வை கட்டி, கீழே கடைச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து பதிவு செய்தார்கள். “வந்துக்கினே இருக்காங்கமா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.” எழுத்துத் தமிழில் சொன்னால் படுத்திருக்கிறவர்கள் மிரளுவார்கள் என்று அவள்தான் வீட்டுப் பேச்சில் சொன்னாள்.

துணை தானாகவும் கற்றுக்கொண்டது. ‘வரேன்’ என்று கேட்ட பிறகு மணியை எவ்வளவு நேரம் அடக்கிவைக்கலாம் என்பதை அதுவே முடிவு செய்யும். யாரும் குறை சொல்லாவிட்டால் அந்த நேரத்தைச் சற்று நீட்டிப் பார்க்கும். மறுபடியும் யாரும் குறை சொல்லாவிட்டால் இன்னும் சற்று. ஒரு மாதத்தில் வார்டு அடங்கிப்போனது. நிர்வாக மேலாளர் சுகாசினி, வந்த டாக்டர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். “மூலஸ்தானம் மாதிரி இருக்குது பாருங்க.”

கலையரசியின் அம்மா ஜெயம்மாளுக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் சரி என்றாள். “உன் குரல் கேக்குமாமே அங்க? அப்போ வரேன்டி.”

புதன்கிழமை காலை கலையரசி பையைத் தோளில் மாட்டும்போதே வளைவில் பேருந்தின் ஹாரன் கேட்டது. முந்தின இரவு நீக்கிய சொல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “போறேன்மா!” என்று கத்தினாள்.

குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“இன்னாடி சொன்ன?”

“பஸ்ஸு வந்துட்சிமா.”

“பஸ்ஸு கெடக்குது. நீ இன்னா சொன்ன? வயித்தை அறுத்துக்கப் போறவகிட்ட காலங்காத்தால சொல்ற வார்த்தையா அது? உள்ள வா. குந்து. ஒரு வாய் தண்ணி குடி. குடிச்சிட்டு ஒழுங்கா சொல்லிக்கினு கெளம்பு.”

கலையரசி உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து, “வரேன்மா” என்றாள்.

“ஆங். போய்ட்டு வா.”

பேருந்து போய்விட்டது. அடுத்த வண்டிக்காக நிறுத்தத்தில் நின்றாள். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வரேன்பா” என்று எதிர்ப்பக்கம் நடந்தார். ஸ்கூட்டரில் வந்த பெண் பால்வாடி வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு, “அம்மா வரேன்டா செல்லம்” என்று வண்டியைத் திருப்பினாள். குழந்தை அழுதது. அதற்குத் தெரிந்திருந்தது, அம்மா போகிறாள் என்று.

கலையரசிக்கு நேற்றைய அட்டவணை நினைவுக்கு வந்தது. காலிக் கட்டம் காலியாக இருந்ததன் காரணம் இதுதான். இந்த ஊரில் யாரும் போவதில்லை. போகிற ஒவ்வொருவரும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் காதால் கேட்டு, கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். பெட்டிக்குக் காது மட்டும்தான் உண்டு, யார் குரல் என்றுகூட அதற்குத் தெரியாது.

பேருந்தில் ஏறியதும் பிரேம்நாத்தை அழைத்தாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கலை, உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம். நர்ஸு வரேன்னா வருவாங்க. டெஸ்ட் பண்ணோமா இல்லையா?”

செய்தார்கள். வகுப்பில் பெஞ்சுகளைக் கட்டிலாகப் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் படுத்து, பத்து நாள் செய்தார்கள். அந்தப் பெஞ்சுகளில் படுத்த நோயாளியைப் பார்க்க யாரும் வரவில்லை. பார்க்க வராததால் யாரும் விடைபெறவும் இல்லை. வார்டுக்குப் போனதெல்லாம் காலையில். நோயாளிகளைப் பார்க்கக் குடும்பங்கள் வரும் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், காந்தி ரோட்டு மாடியில் உட்கார்ந்து மனிதர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை கலையரசி முதல்முறையாக வகுப்புக்குப் போகவில்லை.

வார்டுக்குள் நுழைந்தபோது பார்வையாளர்கள் நிறைந்திருந்தார்கள். எவர்சில்வர் கேரியர், ஆரஞ்சுப் பழம், தோளில் தூங்கும் குழந்தை. துளசி பெரிய தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். வார்டின் மறுகோடியில் இன்னொரு நர்ஸ் கமலவேணி யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னா கலை, இந்நேரத்துக்கு? நாளைக்குத்தானே அம்மாவைக் கூட்டியார?” என்றாள் துளசி. “ஜன்னலோரம் பன்னண்டாம் பெட்டு உங்கம்மாவுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். காத்து வரும்.”

“கொஞ்ச நேரம் திரையைப் பாத்துக்கட்டுமாக்கா?”

“நல்லா பாரு. நான் அதுங்கிட்டப் பேசறதை விட்டே ஒரு மாசம் ஆச்சு. நிம்மதியா இருக்கேன்.”

பன்னிரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் பதினொன்றில் கங்கையம்மாள் என்ற அம்மாள் படுத்திருந்தார். திருப்பருத்திக்குன்றத்துக்காரர், முந்தின நாள்தான் வயிற்றில் அறுவை முடிந்திருந்தது. மகன் விக்ரம் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு கட்டிலுக்கும் ஒரே பெட்டி.

ஆறு மணிக்குக் காவலாளி கதிர்வேல் வாசலில் நின்று கையைத் தட்டினார். “டைம் ஆச்சு, டைம் ஆச்சு! தரிசனம் முடிஞ்சுது, நடை சாத்தறோம். கெளம்புங்கமா. யோவ், அந்த ஆரஞ்சை உரிச்சிட்டுத்தான் போவியா?”

கூட்டம் கலைந்து எழுந்தது. கலையரசி திரையில் கண்ணை வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நோயாளிகள் மணியை அழுத்துகிறார்கள் என்பதும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உறவுகள் கிளம்பும்போதுதான் அவர்களுக்குத் தாகம் எடுக்கிறது, வலி தெரிகிறது, தலையணை சரிகிறது. ஏழு சிவந்தது. நான்கு சிவந்தது. பதினொன்று சிவந்தது. மணி ஒரு முறை ஒலித்து, இரண்டாம் முறைக்கு வாய் திறந்தது.

“வரேன்மா, காலைல வரேன்” என்று விக்ரம் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தான்.

11: வருகிறார்கள்.

“வரேன் சித்தி.” 7: வருகிறார்கள். “அப்போ நாங்க வரோம் மாமா, உடம்பைப் பாத்துக்கோங்க.” 4: வருகிறார்கள். “வரேண்ணா.” “வரேன் பெரிம்மா, தைரியமா இரு.” வாசலை நோக்கி முதுகைக் காட்டி நடந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொல்லச் சொல்லத் திரை பச்சையாகிக்கொண்டே வந்தது, வயலில் தண்ணீர் பாய்வதைப் போல. வார்டிலிருந்து கடைசிக் கால் வெளியே போனபோது சிவப்பு என்று ஒன்றுகூட இல்லை. அத்தனை பேருக்கும் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

துளசி தட்டோடு கடந்துபோகும்போது திரையை ஒரு பார்வை பார்த்தாள். பச்சை. கமலவேணி போயிருப்பாள் என்று மருந்து அறைக்குள் போனாள். கமலவேணி மறுகோடியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பச்சை. துளசி இருக்கிறாள் என்று மறுபடி குனிந்தாள்.

கலையரசி உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தான் நினைத்தது தப்பாக இருந்தால்? பச்சை இப்போது தானே மறைந்து மணி மறுபடி அடித்துவிட்டால்? சரியாகப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

பதினோராம் கட்டில் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “வந்துக்கினே இருக்காங்கமா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

அவளுடைய குரல்தான். பொறுமையான குரல். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே இழுவையில், அதே கனிவில். “வந்துக்கினே இருக்காங்கமா.” மூன்றாவது முறையும் வந்தது. நான்காவது முறை வரவில்லை. மணியை அழுத்துவது நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் ஓடினாள்.

கங்கையம்மாள் மல்லாந்து கிடந்தார். வாந்தி எடுத்து, அது வெளியே வர வழியில்லாமல் தொண்டையில் நின்றிருந்தது. முகம் வேறு நிறத்தில் இருந்தது. விரல்கள் மட்டும் மணியின் கம்பியைப் பிடித்திருந்தன.

“அக்கா!” என்று கலையரசி கத்திய கத்தலில் துளசி தட்டைப் போட்டுவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் அந்த அம்மாளை ஒருக்களித்துப் புரட்டினாள், வாயில் விரலை விட்டாள், குழாயை வைத்து உறிஞ்சினாள். “மூச்சு விடும்மா. விடு. விடு. ஆங்…” ஒரு நீளமான இரைச்சலோடு மூச்சு வந்தது. துளசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பச்சையா இருந்துச்சேடி” என்றாள். “நான் பாத்தனே. பச்சையாத்தானே இருந்துச்சு.”

கங்கையம்மாள் கண்ணைத் திறந்து கலையரசியைப் பார்த்தார்.

“நீதானம்மா பொறுத்துக்கோன்னு சொன்னது?” என்றார், காற்றாக. “அதான் பொறுத்துக்கினு இருந்தேன்.”

சற்று நேரத்தில் கலையரசி சுகாசினியின் அறையில் இருந்தாள். பிரேம்நாத் வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். மேசைமேல், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, மணி அழுத்தப்பட்டது போலச் சிவப்பு விளக்கு எரியும் துணையின் மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது.

“அந்தம்மா நல்லா இருக்காங்க” என்றார் சுகாசினி. “அதை முதல்ல மனசுல வெச்சுக்கலாம்.”

“நாளைக்கும் ஆறு மணி வரும் மேடம்” என்றாள் கலையரசி. “துணையை நிறுத்திடுங்க. பழைய மணியே அடிக்கட்டும்.”

“பழைய மணி எங்கம்மா இருக்குது? பெயிண்ட் அடிக்கும்போது மேசைக்குப் போற கம்பியெல்லாம் பிடுங்கியாச்சு, இப்போ எல்லா மணியும் துணை வழியாத்தான்.”

“அப்போ மணியை அடக்கிவைக்கற நேரத்தையாவது குறைங்க சார்.”

பிரேம்நாத் தாடையைத் தடவினார். “அதைத் துணை தானா கத்துக்கிட்டது கலை. இப்போ எவ்வளவு நேரம்னு பாத்தா எனக்கே தூக்கிவாரிப் போடுது. ஆனா கையால மாத்தறதுக்கு அதுல இடம் கிடையாது. இருந்துச்சு, எடுத்துட்டோம். ஞாபகம் இருக்குதா? ‘ஒரு பட்டன் கூடினா ஒரு குழப்பம் கூடும்’னு நீதான் அறிக்கையில எழுதின.”

நினைவிருந்தது. அந்த வரிக்காக வகுப்பு கைதட்டியதும் நினைவிருந்தது.

“‘வரேன்’ங்கற சொல்லையே எடுத்துடலாமே?”

“எடுத்தா நர்ஸ் சொல்றதும் கேக்காது. அத்தனை மணியும் அலறும், எதுவும் அடங்காது. முழுசாப் பிரிச்சு எழுதணும். மாசக் கடைசிக்குள்ள புது வெர்ஷன் தரேன்.”

“அதுவரைக்கும்?”

“போர்டு வெச்சுடலாம்” என்றார் சுகாசினி, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவர் போல. “வாசல்ல ஒண்ணு, ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துல ஒண்ணு. ‘பார்வையாளர்கள் விடைபெறும்போது வரேன் என்று சொல்லாமல், போறேன் என்று சொல்லவும்.’ நல்ல தமிழ்ல, மரியாதையா. இந்தப் பொண்ணுதானே வாக்கியமெல்லாம் எழுதறது? அதுவே எழுதட்டும்.”

“நல்ல யோசனை மேடம். ஜனங்க பழகிப்பாங்க” என்றார் பிரேம்நாத்.

சாஃப்ட்வேருக்கு மனுஷனைக் கத்துக் கொடுக்கறதுதான் நம்ம வேலை. கலையரசி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தம் கைப்பேசியைப் பார்த்தார்.

“சார்,” என்றாள், “ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்ககிட்ட வந்து நின்னு, யார் சார் ‘போறேன்’னு சொல்லுவாங்க? நீங்க சொல்லுவீங்களா?”

பிரேம்நாத் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

“சரி மேடம், அப்போ நாங்க வரோம்” என்றார்.

மேசைமேல் இருந்த மாதிரிப் பெட்டியின் விளக்கு பச்சையாக மாறியது. மூன்று பேரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முசரவாக்கத்தில் ஜெயம்மாள் பையைக் கட்டி முடித்திருந்தாள். இரண்டு புடவை, சொம்பு, தலைக்கு எண்ணெய், ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம். கலையரசி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷனை மாசக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாமா என்றும் கேட்டாள்.

“கண்ணைப் பாருடி” என்று ஜெயம்மாள் கீழிமையை இழுத்துக் காட்டினாள். மஞ்சளாக இருந்தது. “கல்லு குழாயில எறங்கிட்சி, இந்த வாரத்துக்குள்ள எடுத்தாவணும்னு டாக்டர் உன் எதுருலதானே சொன்னாரு?”

“வேற ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?”

“இந்த எடத்துக்குத் தேதி வாங்கவே எம்மா நாளு ஆச்சு. வேற எடத்துல நாளைக்கே கத்தி எடுத்துக்கினு ரெடியா நிக்கறாங்களா?”

“அப்போ நான் சொல்றதைக் கேளு. மணி அடிச்சும் யாரும் வரலன்னா, என் குரல் பொறுத்துக்கோன்னு சொன்னா, பொறுத்துக்காத. கத்து. சொம்பைத் தூக்கிப் போடு.”

ஜெயம்மாள் அவளைப் பார்த்தாள். “நீ பொறுன்னு சொல்லி நான் பொறுக்காம இருப்பனா? எனக்கு வலிக்கும்போது அந்தக் குரல் கேட்டா, எம் பொண்ணு பக்கத்துல இருக்கறா, அவளுக்குத் தெரியும்னுதான் தோணும்.”

“அது நான் இல்லமா.”

“நீதானே பேசின?”

ஆறு மணிக்கு மேல் வார்டில் துணைக்கு ஆள் இருக்க விடமாட்டார்கள். கலையரசியும் கிளம்பத்தான் வேண்டும்.

“இன்னொண்ணுமா. நான் கெளம்பும்போது ‘போறேன்’னுதான் சொல்லுவேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது.”

ஜெயம்மாள் விபூதிப் பொட்டலத்தைப் பையின் அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப இழுத்தாள்.

“சொல்லாதடி” என்றாள், பையைப் பார்த்துக்கொண்டே. “இன்னா வேணா செய். என் தலைமாட்டுல நின்னுக்கினு அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத.”

11 பிப்ரவரி 2026, புதன்.

இன்றைய பிழை: நேற்றைய பிழையைச் சின்ன விஷயம் என்று எழுதியது.

இன்னொரு பிழை: மூன்று முறை என் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றது. முதல் முறையிலேயே போயிருக்க வேண்டும்.

பலகைக்கான வாக்கியத்தை எழுதிப் பிரேம்நாத் சாருக்கு அனுப்பினேன். ‘இந்த வார்டில் நீங்கள் வரேன் என்று சொன்னால், நோயாளி அழுத்திய மணி அடங்கிவிடும். நர்ஸ் வரமாட்டார்.’ பயமுறுத்துவது போல இருக்கிறது, மாற்று என்று பதில் வந்தது. நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். மாற்றிய நான்கிலும் உண்மை இல்லை. முதலில் எழுதியதையே வைத்துக்கொள்கிறேன். இதில் பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இல்லை.

நாளை: காலையில் மையத்தைத் திறந்ததும் அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அம்மாவை அழைத்துக்கொண்டு போய், மேலாளர் வருவதற்குள் எல்லாப் பெட்டிகளுக்கும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். துளசி அக்காவிடமும் கமலவேணி சிஸ்டரிடமும் ஆறு மணிக்குத் திரையைப் பார்க்காமல் கட்டில்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பதினோராம் கட்டிலுக்கு வரும் விக்ரமிடம் தனியாகச் சொல்ல வேண்டும், அந்தப் பெட்டிதான் அம்மாவுக்கும். ஆறு மணிக்கு, அம்மா என்ன சொன்னாலும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பெட்டிக்குக் கேட்கும்படி, ‘போறேன்மா’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.